பலூன் வாலிபாலும் ஒரு முழங்காலும்

போன வாரம், என் கொழுந்தன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டு ஹாலை விளையாட்டு மைதானமாக அறிவித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். இன்றைக்குத்தான் கதையைக் கையில் எடுக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். பெரிதாக எதையும் தவறவிடவில்லை. அவன் அறிவித்தான், நான் கத்தினேன், என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினார். எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க நடப்பது இதுதான்.

கொழுந்தனுக்கு இந்தத் தெருவில் 'கேப்டன்' என்று பேர். எந்த டீமுக்குக் கேப்டன் என்று கேட்டுவிடாதீர்கள், அவனுக்கே தெரியாது. டைல்ஸ் கடையில் சேல்ஸ்மேன். தூக்கிப் போட்ட சாவிக்கொத்தைக்கூட அவன் இதுவரை பிடித்ததில்லை. ஆனால் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். தெருவில் வேலைவெட்டி இல்லாத பிள்ளைகளை எல்லாம் சேர்த்து 'இளைஞர் குழு' என்று ஒன்று நடத்துகிறான். நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரம் இல்லை.

வாராவாரம் அவர்கள் கூத்தடிக்கிற மைதானத்தைப் புல் மாற்றுகிறோம் என்று பூட்டிவிட்டார்கள். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? பிள்ளைகளைப் போய்ப் படிக்கச் சொல்லுவான். இவன், "மைதானம் இல்லைன்னா என்ன, வீடு இருக்கே!" என்றான். வீடு இருக்கிறதுதான். அது என் வீடு.

"உங்க ஹால்லதான் சோபா இல்ல, அண்ணி. இடம் தாராளமா இருக்கு" என்று காரணம் வேறு சொன்னான்.

சோபா ஏன் இல்லை? என் மகள் உடற்பயிற்சி செய்ய இடம் வேண்டும் என்று நான்தான் அதைத் தூக்கிக் கொடுத்தேன். அவளுக்குப் பதினேழு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். சிட்டு ஓட்டக்காரி. தலையணை உறைக்குள் காலை விட்டுக் குதிக்கிற ரகம் இல்லை, நிஜமான ஓட்டக்காரி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அவள் ஓடும்போது பக்கத்துத் தடத்தில் ஓடிய பெண்களின் பெற்றோர்களே வாயைப் பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சிட்டுவுக்குத்தான் ஒரு மாதமாக இடது முழங்கால் சரியில்லை. பயிற்சியில் விழுந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். என் கையாலேயே படம் எடுத்தேன். எலும்பு சுத்தம். சந்தோஷப்பட முடியவில்லை. எலும்பு முறிந்தால் படத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். நார் பிசகினால் தெரியாது. படத்தில் தெரியாத வலிதான் பொல்லாத வலி. ஓய்வு கொடுங்கள், தானாகக் குறையும் என்றார் எங்கள் எலும்பு டாக்டர். குறையவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுடைய கோச் மேடம் நேரில் வந்து காலைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கால் தேறும் என்றால் மறுநாளே பயிற்சி முகாம். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேறாது என்றால் அந்த இடம் வரிசையில் நிற்கிற அடுத்த பெண்ணுக்கு. விரல் விட்டு எண்ணுகிற இடங்கள்தான். அதில் ஒன்று என் மகளுடையது என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் விளையாட்டு விழா.

காலையிலேயே கேப்டன் வந்துவிட்டான். வந்தவன் காலிங் பெல் அடிக்கவில்லை, விசில் ஊதினான்.

"அண்ணி, தலையணை உறை எல்லாம் எடுத்துக்கலாமா?"

"எதுக்கு?"

"சாக்கு ஓட்டம். சாக்குக்குப் பதில் உறை. வீட்ல இருக்கிற சாமானை வெச்சே எல்லா விளையாட்டும். அதுதான் இந்த வருஷக் கான்செப்ட்டு."

"வீட்ல இருக்கிற சாமானா? என் வீட்ல இருக்கிற சாமான்னு சொல்லு."

"எல்லாம் ஒண்ணுதானே அண்ணி."

ஒன்றுதானாம். பீரோவைத் திறந்துவிட்டான். சாக்ஸைச் சுருட்டி உருண்டை பிடித்தான். அது பந்தாம். துணி ஊறவைக்கிற வாளி கூடையாம். காலித் தண்ணீர் பாட்டில்களை நடையில் வரிசையாக நிறுத்தினான், அது பவுலிங். துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்தான், அது ஹாக்கி மட்டை. கடைசியில் என் நல்ல போர்வையை எடுத்து, ஒரு நுனியை ஜன்னல் கம்பியிலும் இன்னொன்றை பீரோ கைப்பிடியிலும் கட்டினான்.

"இது?"

"வலை. பலூன் வாலிபாலுக்கு. இதுதான் ஃபைனல் ஐட்டம்" என்றான், என்னமோ ராக்கெட் விடப்போகிறவன் மாதிரி.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்ட்டை எல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். அந்தத் திறமைசாலி இப்போது போர்வையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நடுவுல தொங்குது பாரு. அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டு" என்றார் தம்பியிடம்.

"நீங்களுமாங்க?" என்றேன்.

"தொங்குதேன்னு சொன்னேம்மா."

குடும்பமே கூடிக் கும்மாளம் போட்டால் ஒருத்தி என்ன செய்வது? நான் உள்ளறைக்குப் போனேன். சிட்டு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் உறை. வென்னீர்ப் பையை எடுத்து வைத்தேன்.

"வெளிய வராதே. சாயங்காலம் மேடம் வரும்போது கால் வீங்கியிருந்தா அவ்வளவுதான்."

"சித்தப்பா ஸ்கோர் சொல்லக் கூப்பிட்டாரும்மா. உக்காந்துக்கிட்டே சொல்றேன்."

"பலூனுக்கு ஸ்கோரா? கழுதை கெட்டா குட்டிச்சுவரு. நீ ஓடின ஓட்டத்துக்கு ஸ்கோர் சொன்னவங்க எல்லாம் யாரு, தெரியுமில்ல?"

"தெரியும்மா" என்றாள். அவள் முகத்தில் ஒரு சலிப்பு. வயசுப் பெண்களுக்கு இருக்கிற சலிப்புதான் என்று விட்டுவிட்டேன். கடைசியில், நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, காலை ஸ்டூலில் நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி ஹாலில் உட்கார விட்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். பையன்களும் பெண்களுமாக ஒரு பட்டாளம். மாடிப்படி அதிர ஏறி வந்து, செருப்பை வாசலில் குவித்துவிட்டு, "ஆன்ட்டி, தண்ணி!" என்றார்கள். இன்னும் விளையாடவே ஆரம்பிக்கவில்லை.

முதலில் உறை ஓட்டம். நடையின் அந்தக் கோடியிலிருந்து ஹால் ஜன்னல் வரை. தவளைக் கூட்டம் தத்துகிற மாதிரி தத்தினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையன் குளிர்சாதனப் பெட்டியில் போய் முட்டிக்கொண்டு, அதனிடமே "சாரி" என்றான். நாட்டின் எதிர்காலம்!

அப்புறம் கரண்டியில் உருளைக்கிழங்கு. என் உருளைக்கிழங்கு. அப்புறம் ஒற்றைக்காலில் நின்று பல் தேய்ப்பது மாதிரி நடிக்கிற ஒரு போட்டி. அதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று கேட்டேன்.

"பேலன்ஸ், அண்ணி! உடம்புக்குப் பேலன்ஸ் எவ்வளவு முக்கியம் தெரியுமா?" என்று சொல்லிக் காட்டப்போன கேப்டன் ஒற்றைக்காலில் நின்றான், தள்ளாடினான், வாளிக்குள் உட்கார்ந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் எழுந்து, "தரை லெவல் சரியில்ல. டைல்ஸ் மாத்தணும்" என்றான்.

சிரித்துத் தீர்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியர்வை சிந்தி, பல்லைக் கடித்து, உயிரைக் கொடுத்து ஓடுகிற ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் அதே அறையில் இந்தக் கோமாளிகள் விளையாட்டு என்ற பேரையே கேவலப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். டியூட்டியில் இருந்தவருக்குக் காய்ச்சல், உடனே வர முடியுமா என்றார்கள். நடந்து போகிற தூரம்தான். சிட்டுவிடம் விரலை ஆட்டி எச்சரித்துவிட்டுக் கிளம்பினேன். "மேடம் வர்றதுக்குள்ள இந்தக் குப்பையை எல்லாம் காலி பண்ணியிருக்கணும்" என்று கேப்டனிடமும் சொன்னேன். அவன் சல்யூட் அடித்தான்.

எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு தாடிக்காரர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். கை வளைந்திருந்த விதத்திலேயே முறிவு என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் அவருடைய சின்ன மகள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஆச்சு?"

"வீட்டுக்குள்ளயே ரிலே ஓடினோம்மா. நானும் பிள்ளைங்களும். சாக்ஸ் போட்டிருந்தேன், திருப்பத்துல வழுக்கிடுச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு கையையும் முறித்திருப்பேன். ஊர் முழுக்கவா இந்த நோய்?

"ரிலே ஓடுற வயசா சார் இது? அதுவும் வீட்டுக்குள்ள?"

"வலிக்கத்தான் செய்யுது. ஆனா இவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனை நாளாச்சு" என்றார், ஏதோ பெரிய சாதனை போல.

"சிரிப்பு படத்துல வராது சார், எலும்புதான் வரும். கையை அசைக்காம வைங்க" என்று சொல்லிப் படம் எடுத்து அனுப்பினேன். போகும்போதும் அப்பனும் மகளும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் தலையெழுத்து.

அடுத்தடுத்து இரண்டு பேருக்குப் படம் எடுத்துவிட்டு, மாற்று ஆள் வந்ததும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். மேடம் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஹாலைப் பெருக்கி, நல்ல கப்பை எடுத்து வைக்க நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டபடி படியேறினேன்.

முதல் மாடியிலேயே சத்தம் கேட்டது. கூச்சல், கைதட்டல், நடுவில் ஒரு பெண்ணின் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் பீறிட்டு வருகிற சிரிப்பு. யார் வீட்டுப் பெண் இப்படிக் கொட்டம் அடிக்கிறது என்று எரிச்சலோடு மேலே வந்தேன். நடைபாதையை ஒட்டி எங்கள் ஹால் ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

அது என் மகள்.

போர்வைக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு பலூன் இறங்கிக்கொண்டிருந்தது. சிட்டு இரண்டு எட்டு வைத்து எகிறினாள். எந்தக் காலை ஊன்றி? இடது காலை. தலை போர்வைக்கு மேலே போயிற்று. கையால் பலூனை ஓங்கி அறைந்துவிட்டு இறங்கினாள். அதே இடது காலில். இறங்கிய வேகத்தில் திரும்பவும் எகிறினாள். முழங்கால் உறை டி.வி. மேல் கிடந்தது.

எத்தனை வருஷமாக வலிக்கிற கால்களைப் பார்க்கிறேன். வலிக்கிற காலை ஒருவர் தரையில் வைக்கிற விதமே வேறு. மனசு எவ்வளவு மறந்தாலும் முட்டி மறக்காது. இந்த முட்டியில் ஒன்றுமே இல்லை. முழுப் பூசணிக்காயை ஒரு மாதமாக என் இலையிலேயே மறைத்திருக்கிறாள்.

வலையின் இந்தப் பக்கம், கையை விரித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றவர் என் வீட்டுக்காரர். அவர்தான் என்னை முதலில் பார்த்தார். மகள் குதிப்பதைப் பார்த்த ஆச்சரியம் அவர் முகத்தில் துளியும் இல்லை. என்னைப் பார்த்ததும்தான் முகம் வெளுத்தது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். பலூன் தானாக மிதந்து வந்து என் தோளில் இடித்தது.

"சமையலறைக்கு வா" என்றேன்.

வந்தாள். கதவை ஒருக்களித்தேன்.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"எப்பலேர்ந்து?"

தரையைப் பார்த்தாள். "விழுந்த அன்னிக்கு நிஜமாவே வலிச்சுது. அப்புறம் ரெண்டு மூணு நாள்ல சரியாப் போச்சு."

"அடிப்பாவி! ஒரு மாசமா வென்னீர் ஒத்தடம் கொடுத்திட்டிருக்கேனேடி!"

"தெரியும்மா."

"பொய் சொல்லி ஏமாத்த எங்கடி கத்துக்கிட்டே?"

"உன்கிட்டதான்."

கை ஓங்கிவிட்டேன். அவள் அசையவில்லை.

"சாப்பிடும்போது நீதானேம்மா ஆஸ்பத்திரிக் கதை சொல்லுவே. எலும்பு முறிஞ்சா தெரிஞ்சிடும், நார் பிசகினா தெரியாது, வலிக்குதுன்னு சொன்னா நம்பித்தான் ஆகணும்னு. அதான் நார்னு சொன்னேன்."

ஊரில் எந்த வீட்டிலும் நடக்காத கூத்து இது. சாப்பிட்டுக்கொண்டே என் தொழிலின் ஓட்டைகளை எல்லாம் நானே அவளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறேன். என்னைவிட ஒரு முட்டாள் அந்த நேரத்தில் இந்தக் கட்டடத்தில் இருந்திருக்க முடியாது, கேப்டனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"ஓடப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"முகாமுக்குப் போகலைன்னு சொன்னேனே. முதல் தடவை சோம்பேறித்தனம்னு சொன்னே. அடுத்த தடவை திமிருன்னு சொன்னே. மூணாவது தடவை டி.வி. சத்தத்தைக் கூட்டிட்டே."

"அதுக்காக..."

"அம்மா, ஓடறது இல்லம்மா. அங்க அவங்க..."

கதவு திறந்தது. கேப்டனின் தலை மட்டும் உள்ளே வந்தது.

"அண்ணி, ஒரு நிமிஷம். பலூன் வெடிச்சிடுச்சு. புது பலூனைக் கட்ட ரப்பர் பேண்டு இருக்கா?"

"வெளிய போடா!"

இத்தனை வருஷத்தில் அவனை நான் 'டா' போட்டதில்லை. தலை மறைந்தது. அதே நேரம் காலிங் பெல் அடித்தது.

கோச் மேடம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நெட்டையான உருவம். இஸ்திரி மடிப்புக் கலையாத டிராக் சூட். கழுத்தில் ஸ்டாப்வாட்ச். நான் மதிக்கிற ஆள். வேலையில் கறார், வெட்டிப் பேச்சு கிடையாது. எனக்குப் பிடித்ததே அதுதான். உள்ளே வந்தவர் போர்வையைப் பார்த்தார், உறைகளைப் பார்த்தார், சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"என்ன இது, நர்சரி ஸ்கூலா?"

காலையிலிருந்து நான் திட்டிய திட்டுகளில் இது ஒன்றும் பெரிசில்லை. ஆனால் அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"பலூன் வாலிபால் மேடம்" என்றான் கேப்டன். "ரூல்ஸ் எல்லாம் இருக்கு."

மேடம் அவனை ஒரு தூசியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எக்ஸ்ரேல இருக்கிறவங்க. உங்க வார்த்தை போதும் எனக்கு. கால் தேறுமா, தேறாதா?"

சமையலறை வாசலில் சிட்டு நின்றாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேறும் என்று சொன்னால் நாளைக்குக் காலையில் அவள் முகாமில் இருப்பாள். இத்தனை நாள் நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு வார்த்தையில் கைக்கு வந்துவிடும். அது பொய்யும் இல்லை. தேறாது என்று சொன்னாலும் போயிற்று, யாரும் என்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் என் மகள் இன்னும் ஒரு மாதம் நொண்டி நடிக்க வேண்டும், நானும் சேர்ந்து நடிக்க வேண்டும். படியேறி வரும்போது கேட்ட சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது. அது யாருடையது என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

"கால்ல ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சிட்டுவின் முகம் செத்துவிட்டது. நான் காட்டிக்கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பாள்.

"ஆனா அவ வரல. அவளுக்கு இஷ்டமில்ல. இடத்தை அடுத்த பொண்ணுக்குக் கொடுத்துடுங்க."

சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இஷ்டமா?" மேடம் சிரித்தார். "நான் இத்தனை மாசம் மெனக்கெட்டது இவ பலூன் தட்டறதுக்கா?"

"ஆமா மேடம். பலூன் தட்டறதுக்குத்தான்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. கேப்டனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, தடியன்.

மேடம் நேராகச் சிட்டுவை நோக்கி நடந்தார்.

"ஒரு மாசம் உக்காந்து தின்னா இப்படித்தான் புத்தி போகும். இங்க வா. எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்குன்னு பாக்கறேன்" என்று, ரொம்பச் சாதாரணமாக, தினமும் செய்கிற வேலை போல, அவள் மேல்கையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

கை படவில்லை. படுவதற்கு முன்பே சிட்டுவின் தோள் உள்ளே ஒடுங்கிவிட்டது. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. கண் மூடிக்கொண்டது.

நடிக்கிறவர்கள் கை பட்ட பிறகுதான் 'ஆ' என்பார்கள். ஏற்கெனவே பட்டு நொந்த உடம்புதான் கை வருவதற்கு முன்னாலேயே ஒதுங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு மாதமாக முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் என் மகளைப் பார்த்தேன்.

அடுத்த நொடி என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். எதற்கும் தலையாட்டுகிற மனுஷன். அங்கிருந்து நகரவில்லை. இவருக்கு எவ்வளவு தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்? எனக்கு ஏன் சொல்லவில்லை? கேட்க வேண்டிய நேரம் அது இல்லை.

"அம்மா" என்றாள் சிட்டு, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. குரல் உடைந்திருந்தது. "ஓடப் பிடிக்கலைன்னு நான் சொல்லவே இல்லையேம்மா."

மேடம் கையை மடக்கிக்கொண்டார். ஸ்டாப்வாட்ச்சைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, எனக்கு வேற வேலை இருக்கு. நான் கிளம்பறேன்."

"தம்பி" என்றேன் கேப்டனைப் பார்த்து, "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போ."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியாகக் கண்ணாடிப் பையன் போனான். அவன் பின்னாலேயே மேடமும் வாசலை நோக்கி நடந்தார்.

நான் முந்திக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். தாழ் போட்டேன். அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டேன்.

"உக்காருங்க மேடம்" என்றேன். "என் பொண்ணு என்னமோ சொல்ல வந்தா. நான் இன்னும் கேட்கவே இல்ல."